பப் எடுக்கலாமா? எடுத்தா எந்த வழியில?

"தம்பி, எங்கட கடைக்கு முன்னால இருக்கிற பப்பைப் பூட்டிட்டாங்கள். போர்ட் போட்டிருக்கு. எடுப்பமோ எண்டு யோசிக்கிறன்."

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு வந்த போன். அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர், பர்மிங்ஹாம் பக்கத்துல பதினெட்டு வருஷமா மளிகையும் ஆஃப்-லைசென்ஸும் (வாங்கிட்டுப் போய் வீட்டுல குடிக்கிற மதுக்கடை) சேர்ந்த கடை நடத்துறார், நான் அவருக்கு வாட் கணக்கு பாக்குறவன். பியர் விக்கிறது அவருக்குப் புதுசு இல்ல, கேன்ல வித்ததை கிளாஸ்ல ஊத்தி விக்கப் போறோம் அவ்வளவுதானேன்னு நெனச்சிருக்கார். உண்மையச் சொன்னா நானும் அப்படித்தான் நெனச்சேன், ஏஜென்ட் அனுப்பின பேப்பரைத் திறந்து படிக்கிற வரைக்கும்.

இங்க பப் ஏன் மூடுதுன்னு யாரைக் கேட்டாலும் ஒரே பாட்டுதான். 2007 ஜூலை 1ல உள்ள சிகரெட் பிடிக்கக் கூடாதுன்னு சட்டம் வந்துச்சு, சூப்பர்மார்க்கெட்ல பியர் மலிவு (அண்ணன் கடையும் அந்தக் குற்றவாளிக் கூண்டுல ஒரு ஓரமா நிக்குது), இளசுங்க குடிக்கிறது குறைஞ்சு போச்சு, கோவிட், கரண்ட் பில். 2000ல பிரிட்டன்ல 60,000க்கு மேல பப் இருந்துச்சு, இப்ப 45,000 பக்கம். காரணம் எல்லாம் சரிதான், ஆனா இதெல்லாம் எல்லா பப்புக்கும் பொதுவான காரணம். ஒரே ரோட்டுல ஒரு பப் பலகை அடிச்சுக் கிடக்கு, இருநூறு அடி தள்ளி இன்னொண்ணு வெள்ளிக்கிழமை உக்கார இடம் இல்லாம நெரியுதே, அது எப்படி? அதுக்குப் பதில் பெரும்பாலும் பாட்டில்ல இல்ல, பேப்பர்லதான் இருக்கு. சுவர் யாருது, பியர் யார்கிட்ட வாங்கணும், அடுப்படியில யார் நிக்கிறா, இந்த மூணு கேள்வியையும் வச்சுக்கிட்டுத்தான் நாங்க ஒவ்வொரு வழியா பாத்தோம்.

மொதல்ல அந்த போர்டுல இருந்தது. டைடு லீஸ். முன்பணம் கம்மி, சாவி சீக்கிரம் கைக்கு வந்துரும், அதனாலதான் புதுசா வர்றவங்க பாதிப்பேர் இதுல போய் விழுறாங்க. கட்டடம் ஒரு பெரிய பப் கம்பெனிக்குச் சொந்தம். நீ வாடகை கட்டணும், அது போக பியரையும் அவன்கிட்டதான் வாங்கணும், அவன் சொல்ற விலைக்கு. இந்தக் கட்டாயத்துக்குப் பேருதான் 'டை'. ஒரு காலத்துல பியர் காய்ச்சுற கம்பெனிங்களே பப்பை வச்சிருந்தாங்க, ஆறு பெரிய கம்பெனிங்க கையில நாட்டுல பாதி பப் இருந்துச்சு. இது போட்டிக்கு நல்லதில்லன்னு 1989ல 'பியர் ஆர்டர்ஸ்'னு ஒரு உத்தரவு போட்டு, 2,000 பப்புக்கு மேல வச்சிருக்கிறவன் மிச்சத்துல பாதியை டை இல்லாம விடணும்னு சொன்னாங்க. நல்ல எண்ணம்தான். என்ன ஆச்சுன்னா, காய்ச்சுறவங்க பப்பை மொத்தமா வித்தாங்க, அதை வாங்க பப் மட்டுமே வச்சிருக்கிற கம்பெனிங்க கெளம்புச்சு, அவங்க பியரே காய்ச்சாததால அந்தச் சட்டம் அவங்களைத் தொடவே இல்ல. என்டர்பிரைஸ், பஞ்ச் எல்லாம் அப்படி வளந்ததுதான். கடன் வாங்கி வாங்கி ஆயிரக்கணக்குல பப் சேத்தாங்க, அந்தக் கடனுக்கு வட்டி கடைசில பார் கவுன்ட்டருக்குப் பின்னாடி நிக்கிறவன் தலையிலதான் இறங்குச்சு. பூதத்தை வெரட்டப் போய் பிசாசைக் கூட்டிட்டு வந்த கதை. என்டர்பிரைஸ் 2020ல ஸ்டோன்கேட் கைக்குப் போச்சு, பஞ்ச்சை 2017ல ரெண்டாப் பிரிச்சு பெரிய பாதி ஹைனகனுக்குப் போச்சு, கிரீன் கிங்கை 2019ல ஹாங்காங் கம்பெனி ஒண்ணு வாங்குச்சு. மூலைத்தெரு பப்பு, ஓனர் எங்கயோ.

சரி கணக்குக்கு வருவோம். எங்களுக்கு வந்த பேப்பரோட நம்பர் வேண்டாம், சும்மா ஒரு உதாரணம் போட்டுக்குவோம். வாடகை வருஷம் 28,000 பவுண்டுன்னு வைங்க. கேக்க பரவால்ல மாதிரி இருக்கும், அண்ணன்கூட "கடை வாடகையை விடக் குறைவா இருக்கே"ன்னாரு. இப்ப லாகர் பியர் கெக் (பீப்பாய்) ஒண்ணு, 11 கேலன், 88 பைன்ட். வெளிச்சந்தையில 140க்குக் கிடைக்கிறதை டை விலையில 215க்கு வாங்குறோம்னு வைங்க. ஒரு கெக்குக்கு 75 பவுண்டு வித்தியாசம். வாரம் 6 கெக் ஓடுனா 450, வருஷத்துக்கு 23,400. அப்ப நிஜ வாடகை 28,000 இல்ல, 51,400. முதல் வாடகைக்கு இங்க 'டிரை ரென்ட்'னு பேரு, பியர்ல மறைஞ்சு இருக்கிறதுக்கு 'வெட் ரென்ட்'. ஈர வாடகை! அண்ணன் அந்த வார்த்தையைக் கேட்டுட்டு ரொம்ப நேரம் சிரிச்சாரு, அப்புறம் கால்குலேட்டரை வாங்கி அவரே ஒருதடவை போட்டுப் பாத்தாரு, அப்புறம் சிரிக்கல.

வெளில கமுக்கமா வாங்கிக்கலாமேன்னு தோணும். கட்டடம் பாக்கப் போனப்ப பியர் வைக்கிற நிலவறைக்கு, செல்லாருக்குக் கூட்டிட்டுப் போனாங்க. செங்குத்தா படி, கீழ போனா பழைய ஈஸ்ட் வாடை, சுண்ணாம்பு அடிச்ச சுவர், 12 டிகிரில ஒரு ஜில்லுப்பு, கூலர் மட்டும் ஆள் இல்லாத கட்டடத்துல உர்ருன்னு ஓடிக்கிட்டு இருக்கு. பைப் லைன் ஒவ்வொண்ணுலயும் தீப்பெட்டி அளவுல ஒரு பிளாஸ்டிக் டப்பா. இது என்னண்ணு கேட்டேன். எத்தனை பைன்ட் ஓடுதுன்னு எண்ணுற மீட்டராம். நீ அவன்கிட்ட வாங்கினது பத்து கெக்கு, மீட்டர் பன்னெண்டுன்னு காட்டினா கடுதாசி வரும். தண்ணி மீட்டர் கேஸ் மீட்டர் தெரியும், நம்ம வீட்டுலயே நம்மளை எண்ணுற மீட்டர் இதான் மொத தடவை பாக்குறேன்.

இதுல ஒரு நியாயமும் சொல்லணும். டை மேல இருந்த கோபத்துல பார்லிமென்ட்ல 2014 நவம்பர்ல அரசாங்கத்தையே தோக்கடிச்சு ஒரு திருத்தம் கொண்டு வந்தாங்க, அதுல இருந்து வந்ததுதான் 2016ல அமலான பப்ஸ் கோட்ங்கிற விதித்தொகுப்பு. 500 டைடு பப்போ அதுக்கு மேலயோ வச்சிருக்கிற கம்பெனிங்களுக்கு இது பொருந்தும், இப்ப அப்படி ஆறு கம்பெனி. சில கட்டங்கள்ல, அதாவது வாடகையைத் திருத்தும்போது, லீஸைப் புதுப்பிக்கும்போது, 'எனக்கு டை வேணாம், மார்க்கெட் வாடகை மட்டும் சொல்லு'ன்னு கேக்கலாம். எம்ஆர்ஓன்னு சொல்வாங்க. இதுக்குன்னே ஒரு நடுவர் அலுவலகம் இருக்கு, இந்த விதிகளை மீறினதுக்காக 2020ல ஹைனகனோட பப் பிரிவுக்கு 20 லட்சம் பவுண்டு அபராதம் போட்டுச்சு. பல்லு இருக்கு. ஆனா சாவி வாங்குற அன்னைக்கே கேக்க முடியாது, அதுதான் கொக்கி. அதோட அக்ரிமென்ட்டை, கடை வாடகைக்காரங்களைக் காக்கிற 1954 சட்டத்தோட பாதுகாப்பு இல்லாத மாதிரி எழுதியிருந்தா, முடியும்போது புதுப்பிக்கிற உரிமையே கிடையாது, அப்புறம் புதுப்பிக்கிறப்ப எங்க போய் எம்ஆர்ஓ கேக்குறது. எங்களுக்கு வந்த பேப்பர்ல பதினாலாவது பக்கத்துல சின்ன எழுத்துல அதேதான் இருந்துச்சு. ரிப்பேர் யார் தலையிலங்கிறதையும் பாருங்க, ஃபுல் ரிப்பேரிங் லீஸ்னா நூறு வருஷக் கூரை ஒழுகினா அது உங்க ஒழுகல், காலி பண்ணும்போது அதுக்கு ஒரு பில்லும் வரும்.

டைன்னாலே மோசம்னும் சொல்லிர முடியாது. பிரையர்லி ஹில்ல வைன்னு ஒரு பப், ஊர்க்காரங்க புல் அண்ட் பிளாடர்னு கூப்பிடுவாங்க, பாதம்ஸ் குடும்பம் பக்கத்துலயே காய்ச்சி அங்கயே விக்கிறாங்க. விலை குறைச்சல், கூட்டம் எப்பவும் இருக்கும். காய்ச்சுறவனுக்கு பப் நல்லா இருந்தாத்தான் அவன் பியர் போகும். கடன் கட்டுறவனுக்கு பப்பு வெறும் வசூல் பெட்டி. அதனால யார் டை போடுறாங்கறதைப் பாத்துட்டு திட்டுறது நல்லது.

ரெண்டாவது வழியா ஏஜென்ட் சொன்னது, முதலே வேணாம் சார், கம்பெனி பப்பை நீங்க நடத்துங்க, விக்கிறதுல ஒரு சதவீதம் உங்களுக்கு, ஸ்டாஃப் சம்பளம் மட்டும் நீங்க அதுல இருந்து குடுத்துக்குங்க. கேக்க நல்லா இருக்கும். ஸ்டாஃப் சம்பளம் 'மட்டும்'தான் இப்ப கழுத்தை நெரிக்கிறதே. 2025 ஏப்ரல்ல குறைஞ்சபட்ச கூலி மணிக்கு 12.21 பவுண்டு ஆச்சு, அதே மாசம் ஒவ்வொரு ஆளுக்கும் முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டுற நேஷனல் இன்சூரன்ஸ் 13.8ல இருந்து 15 சதவீதம் ஆச்சு, அது ஆரம்பிக்கிற வரம்பு 9,100ல இருந்து 5,000க்கு இறங்குச்சு. வாரம் 16 மணி நேரம் வர்ற ஒரு பார்ட்-டைம் பொண்ணை எடுத்துக்குங்க, அதே சம்பளத்துக்குப் பழைய கணக்குப்படி வருஷம் 146 பவுண்டு வர்றது புதுக் கணக்குல 774. சின்ன முதலாளிங்களுக்கு 10,500 வரைக்கும் தள்ளுபடி உண்டு, ஆனா அண்ணனுக்கு கடையும் இருக்கு, ரெண்டும் அவர் கையில இருந்தா அந்தத் தள்ளுபடி ரெண்டுக்கும் சேத்து ஒண்ணுதான், அதை கடை ஏற்கனவே தின்னுக்கிட்டு இருக்கு. இந்த வழியை அஞ்சு நிமிஷத்துல மூடி வச்சோம். அனுபவம் வேணும், காசு இல்லன்னு வர்ற இருபத்தஞ்சு வயசுப் பையனுக்கு இது சரியா வரலாம். ஐம்பத்திரண்டு வயசு அண்ணனுக்கு இன்னொருத்தன்கிட்ட கமிஷனுக்கு நிக்கணும்னு என்ன தலையெழுத்து.

ஃப்ரீஹோல்ட், அதாவது கட்டடத்தையும் மண்ணையும் சொந்தமாவே வாங்குறது? காசு இருந்தா இதுதான் ராஜா. பியர் யார்கிட்ட வேணாலும் வாங்கலாம், வாடகை ஏத்த ஆள் இல்ல, வியாபாரம் படுத்தாலும் மண்ணு மிஞ்சும். ஆனா அந்த மண்ணுதான் பப்புக்கு எமனும். பப்பா ஓடுறதை விட ஃபிளாட்டா கட்டினா காசு ஜாஸ்தின்னு தெரிஞ்ச நாள்ல இருந்து எத்தனை பப் போச்சு. லண்டன் மெய்டா வேல் பக்கம் கார்ல்டன் டாவெர்னை 2015ல அனுமதி இல்லாமலே இடிச்சுத் தள்ளிட்டாங்க, கவுன்சில் விடல, பழைய மாதிரியே திரும்பக் கட்டுன்னு சொல்லி 2021ல திறக்க வச்சுது. எங்க பக்கத்துல ஹிம்லில, தரை இறங்கி சாஞ்சு நின்ன குரூக்கட் ஹவுஸ், 1765ல கட்டினது, மேஜைமேல கோலிகுண்டு வச்சா மேட்டுல ஏறுற மாதிரி தெரியும். 2023 ஆகஸ்ட் 5ல வித்த கையோட தீப்பிடிச்சது, ரெண்டு நாள்ல இடிச்சுட்டாங்க, அதையும் திரும்பக் கட்டச் சொல்லி உத்தரவு போட்டாங்க. 2017ல இருந்து பப்பை இடிக்கவோ மாத்தவோ பிளானிங் அனுமதி கட்டாயம். வாங்குறவங்களுக்கு இது ரெண்டு பக்கமும் வெட்டும், நாளைக்கு வியாபாரம் படுத்தா வீடா மாத்திக்கலாம்னு கணக்கு போட்டு வாங்காதீங்க. பேங்க் கடன் குடுக்க, விலையில பெரிய பங்கை கைக்காசாக் கேக்கும், அண்ணன்கிட்ட அது இல்ல, ரெண்டாவது பொண்ணு இப்பத்தான் யூனிவர்சிட்டி போகுது. தள்ளி வச்சோம், மனசே இல்லாம.

ஊரே சேந்து வாங்குறதும் ஒண்ணு இருக்கு. யார்க்‌ஷயர்ல ஹட்ஸ்வெல்னு குட்டி கிராமம், அங்க ஜார்ஜ் அண்ட் டிராகன் 2008ல மூடுச்சு, ஊர்க்காரங்க ஷேர் போட்டு 2010ல திறந்தாங்க, உள்ளயே குட்டி லைப்ரரி, சின்னக் கடை, பின்னாடி காய்கறிப் பாத்தி. 2016க்கான, பியர் ரசிகர் சங்கமான காம்ராவோட தேசிய பப் விருது அதுக்குத்தான் கிடைச்சுது. கம்ப்ரியால ஹெஸ்கெட் நியூமார்க்கெட்ல ஓல்ட் கிரௌன் 2003லயே கூட்டுறவா மாறினது. லண்டன் நன்ஹெட்ல ஐவி ஹவுஸை, ஊருக்கு மதிப்புள்ள சொத்துன்னு கவுன்சில் பட்டியல்ல ஏத்தி, அதனால கிடைச்ச ஆறு மாச அவகாசத்துல பணம் திரட்டி 2013ல வாங்கினாங்க. அண்ணனுக்கு இதுல என்னன்னு கேப்பீங்க. ஊர் வாங்கினாலும் நடத்த ஆள் வேணும்ல? பல இடத்துல ஒருத்தருக்கு வாடகைக்குத்தான் விடுறாங்க, ஹட்ஸ்வெல்லயும் அப்படித்தான். டை இல்ல, வாடகை நியாயமா இருக்கும், ஷேர் போட்டவனே வாடிக்கைக்காரன். என்னைக் கேட்டா குடியிருக்கிறவனுக்கு இருக்கிறதுலயே நல்ல லேண்ட்லார்ட் இதான். கஷ்டம் என்னன்னா முன்னூறு பேரு ஓனரு, சாம்பார்ல உப்பு கம்மின்னு முன்னூறு பேரும் சொல்வாங்க. அண்ணன் தெருவுல அப்படி ஒரு கூட்டம் கெளம்பல, போர்ட் போட்டு ரெண்டு மாசமா ஆளாளுக்கு "ஐயோ பாவம்"னு சொல்லிட்டுப் போறாங்க. போன வருஷம் அந்த பப்புக்கு எத்தனை தடவை போனீங்கன்னு கேட்டா பதில் இல்ல.

இங்கதான் அடுப்படி விஷயம் வருது, என் கணக்கு திரும்பினதும் இதுலதான். டை எல்லாம் பெரும்பாலும் குடிக்கிற சரக்குக்குத்தான், சாப்பாட்டுக்கு இல்ல. பர்மிங்ஹாமுக்கு மேற்க இருக்கிற பழைய தொழிற்சாலைப் பகுதி பிளாக் கன்ட்ரில, ஸ்மெத்விக், வெஸ்ட் பிராம்விச் பக்கம், பஞ்சாபிங்க நடத்துற தேசி பப் நெறைய. 60கள்ல ஃபவுண்டரி வேலைக்கு வந்த பஞ்சாபிகளை பல பப்ல நல்ல ரூமுக்குள்ள விட மாட்டாங்க. இந்தியத் தொழிலாளர் சங்கம் அதை எதிர்த்துப் போராடுச்சு, 1965 பிப்ரவரில அமெரிக்கக் கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸே ஸ்மெத்விக் வந்து புளூ கேட்ஸ் பப்புக்குள்ள போய் நின்னாரு. அந்த வருஷமே பொது இடத்துல நிறம் பாத்து ஒதுக்குறதுக்கு எதிரா சட்டம் வந்துச்சு. அப்புறம் தொழிற்சாலைங்க மூட மூட பப்புங்களும் படுத்தப்ப, வெளிய நிக்க வச்சவங்க பிள்ளைங்கதான் அதுல பலதை எடுத்து நடத்துனாங்க. இன்னைக்கு அங்க போனா சிஸ்லர் தட்டுல மிக்ஸ்டு கிரில் புகைஞ்சுக்கிட்டு வரும், வெள்ளைக்காரத் தாத்தா, சர்தார் தாத்தா ரெண்டு பேரும் ஒரே மேஜையில கால்பந்து பாத்துக்கிட்டு இருப்பாங்க. பைன்ட்ல மிஞ்சாததை கறித்தட்டுல எடுக்குறாங்க. 5 பவுண்டு பைன்ட்ல 83 பென்ஸ் வாட், பியர் டூட்டி 40 பென்ஸுக்கு மேல, அப்புறம் பியர் விலை, கூலி, கரண்ட்டு. மிஞ்சுறது சில்லறை. டைடு லீஸாவே இருந்தாலும் அடுப்பு எரிஞ்சா தப்பிக்க வழி உண்டு.

"அப்ப சமையலுக்கு ஆர் நிக்கிறது?"ன்னு கேட்டேன் அண்ணன் மாதிரியே. மருமகன் கொத்து ரொட்டி நல்லாப் போடுவான்னாரு. மருமகனைக் கேட்டா கல்யாணத்துல ஒருதடவை போட்டதுதானாம். அண்ணி உள்ள இருந்து ஒரே வரிதான் சொன்னாங்க, "என்னை எதிர்பாக்கவேண்டாம்." முடிஞ்சுது.

அடுப்பு இல்லாம ஓடுறது ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி, மைக்ரோபப். கென்ட்ல ஹெர்ன் கிராமத்துல 2005ல பழைய கறிக்கடையில ஆரம்பிச்ச புட்சர்ஸ் ஆர்ம்ஸ்தான் இதுக்கு முன்னோடி, லைசென்ஸ் சட்டம் மாறி கொஞ்சம் சுலபமானதும் வந்தது. சின்ன ரூமு, நாலு பெஞ்சு, காஸ்க் ஏல் (பீப்பாய்லயே பதமாகுற பியர்), டிவி இல்ல பாட்டு இல்ல, சமையல் இல்ல, பேச்சு மட்டும். சொந்தக்காரரே ஊத்தினா ஸ்டாஃப் சம்பளம் கிட்டத்தட்ட இல்ல. வரிக்காகக் கட்டடத்துக்குப் போடுற மதிப்பு, ரேட்டபிள் வேல்யூ, 12,000 பவுண்டோ அதுக்குக் கீழயோ இருந்தா பிசினஸ் ரேட்ஸ்ங்கிற கட்டட வரியே இல்ல. ஆனா அந்தச் சலுகை ஒரு ஆளுக்குப் பொதுவா ஒரு இடத்துக்குத்தான், கடை ஏற்கனவே அதுல இருந்தா ரெண்டாவது எடுத்ததும் மொத இடத்துக்குக் கொஞ்ச காலம்தான் நீடிக்கும், அதனால யார் பேர்ல எடுக்கிறோம்னு முன்னாடியே உக்காந்து பேசணும். கடையை பப்பா மாத்த பிளானிங் அனுமதி வேணும், அதுக்கு சில மாசம் ஆகும். காஸ்க்கும் லேசுப்பட்ட சாமான் இல்ல. ஃபர்கின்ங்கிற பீப்பாய் ஒண்ணு 9 கேலன், 72 பைன்ட், திறந்தா மூணு நாள்ல வித்தாகணும், இல்லன்னா புளிச்சுப் போய் சாக்கடைக்குத்தான். நாலு வகை போடணும்னு ஆசைப்படாம ரெண்டோட ஆரம்பிங்கண்ணான்னு சொல்லியிருக்கேன். பெரிய லாபம் வராது, யாரும் இதுல வீடு கட்டினதா நான் பாக்கல, ஆனா தோத்தாலும் வீட்டை விக்கிற அளவுக்குத் தோக்க மாட்டார். அஞ்சு வருஷ ஃபுல் ரிப்பேரிங் லீஸ்ல தோக்குறது வேற மாதிரித் தோல்வி.

உங்க வீட்டுல சமைக்க ஆள் இருந்து, கையில ரெண்டு வருஷம் தாங்குற காசும் இருந்தா, நான் இதே பதிலைச் சொல்ல மாட்டேன். அப்ப தேசி பப் வழிதான், ஃப்ரீஹோல்டோ ஊர் பப்போ கிடைச்சா விடாதீங்க, டைடுதான்னா பதினாலாவது பக்கத்தை ஒரு வக்கீல்கிட்ட காட்டாம கையெழுத்து போடாதீங்க.

அண்ணன் கடைக்கு ரெண்டு கதவு தள்ளி ஒரு தையல்கடை காலியா இருக்கு. போன வாரம் டேப்பை எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் அளந்தோம், பதினாறடிக்கு இருபத்திரண்டு. பின்னாடி ரூமுல காஸ்க் வைக்க இடம் இருக்கு, ஜன்னல் வடக்குப் பக்கம், வெயில் அடிக்காது. எதிர்ல பழைய பப்ல போர்ட் இன்னும் தொங்குது, அவர் ஒரு நிமிஷம் அதையே பாத்துக்கிட்டு நின்னாரு. அப்புறம் "தம்பி, டாய்லெட் எங்க வைக்கிறது?"ன்னாரு. அதை நாங்க ரெண்டு பேருமே யோசிக்கல.